கடை யாருடையது?

பெண்ணாடத்துக்காரர் ஒருவர் பெரியபுராணத்தில் இருக்கிறார். கலிக்கம்ப நாயனார், வணிகர் குலம். அடியார் வந்தால் கால் கழுவி அமுது படைப்பது அந்த வீட்டு வழக்கம். மனைவி கரகத்தில் நீர் வார்ப்பார், கணவர் கழுவுவார். ஒருநாள் வந்து நின்ற அடியார் முன்பு அதே வீட்டில் ஏவல் செய்தவர். மனைவி நீர் வார்க்கத் தயங்கினார். கணவர் அவர் கையைத் துணித்துவிட்டு, கரகத்தைத் தானே எடுத்துத் தொண்டை முடித்தார். சேக்கிழார் சொன்னது பக்திக் கதைதான். ஆனால் கையில் கணக்கெடுப்புப் படிவத்தோடு இதைப் படிப்பவர் கண்ணில் வேறொன்றும் படும்: தொண்டு இருவர் சேர்ந்து செய்தது, பட்டியலில் ஏறியது ஒரு பெயர்.

கடலூர் மாவட்டம் திட்டக்குடி வட்டத்தில், விருத்தாசலத்திலிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவில் இருக்கிறது இன்றைய பெண்ணாடம். சென்னையிலிருந்து திருச்சி போகும் ரயில் விருத்தாசலம் தாண்டிச் சற்று நேரத்தில் இந்த ஊரைக் கடக்கும். சுற்றிலும் கரும்பு, பக்கத்து இறையூரில் அந்தக் கரும்பை நம்பி எழுந்த சர்க்கரை ஆலை. கடைவீதியில் மளிகை, உரக்கடை, துணிக்கடை, டிபன் கடை, செல்போன் ரீசார்ஜ் என்று எந்தப் பேரூராட்சியிலும் காணக்கூடியவை. இந்த ஊரில் சொந்தமாகத் தொழில் செய்பவர் எத்தனை பேர்? அவர்களில் பெண்கள் எத்தனை, தலித்துகள் எத்தனை, முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள் எத்தனை? ஒரு தாசில்தார் கேட்கக்கூடிய கேள்வி, வங்கி மேலாளர் கேட்க வேண்டிய கேள்வி. நேரடியான பதில் எந்த அரசு அறிக்கையிலும் கிடைக்காது.

ஊரை விடுவோம், நாட்டுக்கே ஒரே பதில் இல்லை. 2013இல் தொடங்கி 2014இல் முடிந்த ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பு, இந்தியாவில் 5.85 கோடி நிறுவனங்கள் இருப்பதாகவும் அவற்றில் பெண்கள் நடத்துபவை 13.76 சதவீதம் என்றும் சொன்னது. தேசிய மாதிரி ஆய்வின் 73ஆவது சுற்று (2015–16), தனியுடைமைத் தொழில்களில் பெண்களுடையவை 20.37 சதவீதம் என்றது. பதிவு பெறாத நிறுவனங்களுக்காக இப்போது ஆண்டுதோறும் நடக்கும் ஆய்வு அதை 2022–23இல் 22.9 என்றது, 2023–24இல் 26.2 என்றது. சிறு, குறு, நடுத்தர நிறுவனங்கள் பதியும் உத்யம் இணையதளத்தில் 2020 ஜூலை முதல் 2024 ஜனவரி வரை பதிவான நிறுவனங்களில் பெண்களுடையவை 20.5 சதவீதம். உத்யம் அசிஸ்ட் என்ற துணைத் தளத்திலோ 70.49 சதவீதம்!

பதின்மூன்றா, எழுபதா? இரண்டையும் வெளியிட்டது ஒரே இந்திய அரசுதான். ஒன்று பொய், மற்றது மெய் என்று தள்ளிவிட முடியாது. ஒவ்வொரு எண்ணும் வேறொரு வாசலில் நின்று, வேறொரு கேள்வியைக் கேட்டுப் பெற்றது.

பொருளாதாரக் கணக்கெடுப்பு எல்லா நிறுவனங்களையும் எண்ணுகிறது. பயிர் சாகுபடியும் தோட்டப்பயிரும் அரசு நிர்வாகமும் அதில் சேராது. அதனால் பத்து ஏக்கர் கரும்பு போடுபவர் அதன் கண்ணில் தொழில்முனைவோர் அல்ல. அவர் வீட்டுக் கொட்டகையில் இரண்டு மாடு கட்டிப் பால் விற்றால் அது நிறுவனம். ஆண்டு ஆய்வோ வேளாண்மையையும் கட்டுமானத்தையும் முழுதாக விலக்கிவிடுகிறது, ஆகவே அங்கே மாட்டுக்கு இடமில்லை. முதலாவதில் சதவீதம் எல்லா நிறுவனங்களுக்கும் சேர்த்துப் போட்டது, இரண்டாவதில் தனியுடைமை நிறுவனங்களுக்கு மட்டும். வகுக்கும் எண் மாறினால் விடையும் மாறும் என்பது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. ஆனாலும் செய்தித்தாள்கள் இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘வளர்ச்சி’ என்று தலைப்புப் போடுவது நின்றபாடில்லை.

எழுபது எங்கிருந்து வந்தது? 2023 ஜனவரியில் தொடங்கிய உத்யம் அசிஸ்ட், ஜிஎஸ்டி வரம்புக்குக் கீழே உள்ள மிகச்சிறு தொழில்களுக்கானது. பெரும்பாலும் தொழில் செய்பவர் தானாகப் போய்ப் பதிவதில்லை. அவருக்குக் கடன் கொடுத்த வங்கியோ நிதி நிறுவனமோ பதிகிறது. நம் ஊர்களில் குழுக்கடன், நுண்கடன் எல்லாம் யார் பெயரில் வருகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. 1989இல் தருமபுரியில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு சுயஉதவிக் குழுக்கள் தொடங்கிய காலத்திலிருந்தே கடன் பெண்ணின் பெயரில்தான் வீட்டுக்குள் நுழைகிறது. அந்தப் பணத்தில் தையல் மெஷின் வந்திருக்கலாம், கணவரின் ஆட்டோவுக்கு டயர் வந்திருக்கலாம், மகளின் காலேஜ் ஃபீஸ் கட்டியிருக்கலாம். பதிவேடு மூன்றையும் பெண் தொழில்முனைவோர் என்றே எழுதிக்கொள்ளும். கடன் கொடுக்கும் கையிலிருந்து பார்த்த எண் அது. வாசலில் நின்று கேட்கும் எண் வேறாகத்தான் வரும்.

அந்த வாசலுக்குப் போவோம். பெண்ணாடத்தில் ஒரு பெட்டிக்கடை என்று வைத்துக்கொள்ளலாம். காலை பதினொரு மணி, கல்லாவில் ஒரு பெண், வெளியே படிவத்தோடு கணக்கெடுப்பாளர்.

“ஏம்மா, கடை யார் பேர்ல இருக்கு?”

“எங்க வூட்டுக்காரர் பேர்லதான் சார்.”

“அவரு எங்க?”

“கரும்பு லாரிக்குப் போயிருக்காங்க. ராத்திரிதான் வருவாங்க.”

“அப்போ நீங்க?”

“நா சும்மா ஒக்காந்திருக்கேன். பாத்துக்கிறேன்.”

விடியற்காலை கடை திறந்ததும், சரக்குக்குச் சொல்லி அனுப்பியதும், கடன் நோட்டு எழுதுவதும் அந்த ‘சும்மா’வுக்குள் அடங்கிவிட்டன. மத்திய அரசு நடத்தும் தொழிலாளர் ஆய்வில் சுயதொழிலுக்கு மூன்று குறியீடுகள் உண்டு. தன் கணக்கில் தொழில் செய்பவருக்கு 11, ஆள் வைத்து நடத்துபவருக்கு 12, குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவுபவருக்கு 21. கல்லாவில் இருந்தவருக்கு விழுவது 21. லாரிக்குப் போனவருக்குக் கடைக்காக 11 விழ வாய்ப்புண்டு. 2023–24இல் நாட்டில் வேலையில் இருந்தவர்களில் 58.4 சதவீதம் பேர் சுயதொழில் செய்தார்கள். அதில் 39 சதவீதம் முதல் இரண்டு குறியீடுகளில், 19.4 சதவீதம் உதவியாளர்களாக. வேலையில் இருந்த பெண்களை மட்டும் எடுத்தால் சுயதொழில் 67.4 சதவீதம். 2017–18இல் அது 51.9 ஆக இருந்தது. இந்த ஏற்றத்தைப் பெண்களின் தொழில் எழுச்சி என்று எழுதலாம். சம்பள வேலை கிடைக்காமல் குடும்பக் கடைக்கும் கொல்லைக்கும் திரும்பியவர்களின் கணக்கு என்றும் எழுதலாம். 11க்கும் 21க்கும் நடுவே இருக்கும் கோட்டைப் பார்க்காமல் எதையும் எழுதாமல் இருப்பது நல்லது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பண்ருட்டிப் பக்கம் முந்திரிப் பருப்புத் தோல் உரிக்கும் பெண்களைக் காணலாம். மூட்டையைக் கொடுப்பவர் வியாபாரி, கூலி கிலோவுக்கு இவ்வளவு என்று அவர் வைத்ததுதான். அந்த வேலையைத் தன் வீட்டில் உட்கார்ந்து செய்தால் தொழிலாளர் ஆய்வின் விதிப்படி அவர் சுயதொழில் செய்பவர். வியாபாரியின் ஷெட்டில் உட்கார்ந்து செய்தால் கூலித் தொழிலாளி. கை அதே கை, பருப்பு அதே பருப்பு. ‘முனைவு’ என்ற சொல்லின் பாரத்தை இந்த 11ஆம் எண்ணின் மேல் ஏற்றினால் அது தாங்காது.

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலில் இன்னொரு வகை. அங்கே அரசின் பீங்கான் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பத்துக்கென ஒரு பயிற்சி நிறுவனமும் இருக்கின்றன. பொம்மைகள், அகல் விளக்குகள், மின்கம்பிக்கான இன்சுலேட்டர்கள் எல்லாம் சிறு பட்டறைகளின் சரக்கு. கூழாகக் கரைத்த களிமண்ணை பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்ச, ஓரத்தில் மண் தடித்துப் படியும். மீதிக் கூழைக் கவிழ்த்துவிட்டுக் காயவைத்தால் உள்ளே வெற்றாக ஒரு பிள்ளையார். பிறகு பிசிறு சீவி, கிளேஸ் தோய்த்து, சூளைக்குப் போகும். இந்த வரிசையில் ஊற்றுபவர் ஒருவர், சீவுபவர் ஒருவர், வண்ணம் தீட்டுபவர் ஒருவர். பட்டறையின் முதலாளி பெயரில் ஒரு நிறுவனம் பதிவாகும். அது சரிதான். கார்த்திகைக்கு முன்னால் அகல் விளக்குச் சரக்குக்காக இரண்டு மாதம் மட்டும் தன் கணக்கில் இறங்கும் ஒருவரை எங்கே எழுதுவது? ‘கடந்த ஏழு நாள் என்ன செய்தீர்கள்’ என்ற கேள்வி ஜனவரியில் வந்தால் அவர் இல்லை. ‘கடந்த ஓராண்டில் குறைந்தது 30 நாள்’ என்று கேட்டால் இருப்பார். இரண்டு கேள்விகளும் தொழிலாளர் ஆய்வில் உள்ளன. எதை எடுத்து ‘தொழில்முனைவோர் எண்ணிக்கை’ என்று போடுவது என்பது ஆய்வாளரின் கை.

இதெல்லாம் கேள்வியின் கோளாறு. எத்தனை பேரைக் கேட்டோம் என்பது தனிச் சங்கதி.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சோறு ஒன்றுபோல வெந்திருக்கும் பானைக்கு அது பொருந்தும். சாதி, பால், வயது என்று அடுக்கடுக்காக இருக்கும் ஊர்ப் பானையில் மேலே எடுத்த சோறு அடியில் இருப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. கணக்கிலேயே பார்க்கலாம். ஒரு குழுவில் உண்மையில் ஐவரில் ஒருவர் தொழில் செய்கிறார் என்று கொள்வோம். 400 பேரைத் தற்செயலாகத் தேர்ந்து கேட்டால் விடை 20 சதவீதத்துக்கு இருபுறமும் சுமார் 4 புள்ளிக்குள் நிற்கும். 24 பேரை மட்டும் கேட்டால் 16 புள்ளி வரை ஆடும், அதாவது 4 சதவீதமும் வரலாம், 36உம் வரலாம். தேசிய ஆய்வுகளில் கடலூர் போன்ற ஒரு மாவட்டத்துக்குச் சில கிராமங்களும் சில நகர்ப்புறப் பிளாக்குகளும் விழும். பெண்ணாடத்தில் ஒரு பிளாக் விழுந்தாலே அதிர்ஷ்டம். அந்தப் பிளாக்கில் முப்பது வயதுக்குட்பட்ட தலித் பெண்கள் என்று தேடினால் விரல் விட்டு எண்ணலாம்.

உலக அளவில் தொழில்முனைவை அளக்கும் ‘குளோபல் ஆந்த்ரப்ரனர்ஷிப் மானிட்டர்’ 1999 முதல் நடக்கிறது. 18 முதல் 64 வயதுள்ளவர்களில் தொழில் தொடங்கும் முயற்சியில் இருப்பவர்களையும், தொடங்கி 42 மாதம் ஆகாதவர்களையும் அது எண்ணுகிறது. நாட்டுக்குக் குறைந்தது 2,000 பேர் என்பது அதன் வழக்கமான அளவு. நாடுகளை ஒப்பிட அது போதும், ஊர்களுக்குப் போதாது.

சிறிய இடங்களுக்கு மதிப்பீடு செய்ய புள்ளியியலில் வழி இருக்கிறது. 1979இல் ஃபே, ஹெரியட் என்ற இருவர் அமெரிக்காவின் சின்னஞ்சிறு ஊர்களின் வருமானத்தைக் கணிக்க ஒரு முறையை வகுத்தார்கள். ஊரில் கிடைத்த கொஞ்சத் தரவையும், அதைப் போன்ற மற்ற ஊர்களிலிருந்து எதிர்பார்க்கக்கூடியதையும் எடைபோட்டுக் கலப்பதுதான் அதன் சாரம். ஓர் உதாரணத்துக்கு, பெண்ணாடத்தில் கேட்ட 12 பெண்களில் 5 பேர் தொழில் செய்கிறார்கள் என்று வைத்தால் அது 42 சதவீதம். மாவட்டம் முழுக்கக் கேட்ட 600 பெண்களில் 90 பேர் என்றால் 15 சதவீதம். ஊரின் தரவு சொற்பம் என்பதால் அதற்கு ஐந்தில் ஒரு பங்கு எடை கொடுத்தால் விடை 20 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். ஊரில் நூறு பேரைக் கேட்டிருந்தால் ஊரின் சொல்லுக்கு எடை கூடும். 1997இல் கெல்மனும் லிட்டிலும் இதை இன்னும் ஒரு படி நீட்டினார்கள். வயது, பால், கல்வி என்று பிரிவு பிரிவாக வாய்ப்பைக் கணித்து, அந்த ஊரில் ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர் என்ற மக்கள்தொகைக் கணக்கோடு பெருக்கிக் கூட்டுவது அவர்கள் வழி.

இதில் இரண்டு பள்ளங்கள் உண்டு. பெருக்குவதற்கு வேண்டிய மக்கள்தொகைக் கணக்கு நமக்கு 2011உடையது. அடுத்ததற்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். பதினைந்து ஆண்டில் பெண்ணாடத்திலிருந்து சென்னைக்கும் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனவர்களை 2011 அறியாது. இன்னொரு பள்ளம் ‘அதைப் போன்ற ஊர்’ எது என்பது. கடலூர் மாவட்டத்தில் நெய்வேலி நிலக்கரி இருக்கிறது, கடலூர் சிப்காட் இருக்கிறது, பரங்கிப்பேட்டைக் கடற்கரை இருக்கிறது, பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் இருக்கின்றன. பெண்ணாடத்தை இவற்றின் சராசரியை நோக்கி இழுப்பதைவிட, பக்கத்து அரியலூர் மாவட்டத்து ஊர்களோடு சேர்ப்பது பொருத்தமாக இருக்கலாம். மாவட்ட எல்லை கலெக்டர் ஆபீஸுக்கு வசதி, பொருளாதாரத்துக்கு அது வேலி அல்ல. இந்த முறையைக் கண்மூடிப் பயன்படுத்தினால் ஓர் ஊரின் தனித்தன்மை எதுவோ அதுவே முதலில் அழியும்.

சாதிக் கணக்கில் ‘எதோடு ஒப்பிடுவது’ என்பது இன்னும் முக்கியம். லட்சுமி ஐயர், தருண் கன்னா, ஆசுதோஷ் வார்ஷ்னி மூவரும் 1990, 1998, 2005 பொருளாதாரக் கணக்கெடுப்புகளை வைத்து 2013இல் எழுதிய கட்டுரை இத்துறையில் பலமுறை மேற்கோளாவது. 2005இல் பட்டியல் சாதியினர் நாட்டின் நிறுவனங்களில் 9.8 சதவீதத்துக்கு உரிமையாளர்கள். மக்கள்தொகையில் அவர்கள் பங்கு 16.4. பழங்குடியினருக்கு அது 3.7, மக்கள்தொகையில் 7.7. இப்போது ஒரு பேச்சுக்கு, பெண்ணாடத்துக் கடைகளில் 15 சதவீதம் தலித்துகளுடையவை என்று ஒரு மதிப்பீடு வந்தால்? நாட்டு மக்கள்தொகையில் அவர்கள் பங்கான 16.4உடன் வைத்தால் ‘ஏறத்தாழ சமம்’. ஆனால் கடலூர் மாவட்ட மக்கள்தொகையில் 2011 கணக்குப்படி பட்டியல் சாதியினர் 29 சதவீதம் அளவில் இருக்கிறார்கள். அதோடு வைத்தால் பாதி.

மேலும், படிவத்தில் சாதிக்கு நான்கே பெட்டிகள். இதர பிற்படுத்தப்பட்டோர் என்ற ஒரே பெட்டிக்குள் நிலக்காரரும் எண்ணெய் வணிகரும் மண்பாண்டம் செய்பவரும் நெருக்கியடித்து நிற்கிறார்கள். எந்தத் தொழிலில் யார் நுழைய முடிகிறது என்பது அந்தப் பெட்டிக்குள்ளேதான் தீர்மானமாகிறது.

அதைப் பார்க்க வேறு மாதிரி ஆய்வு வேண்டும். பார்பரா ஹாரிஸ்-வைட் 1973 முதல் ஆரணிக்கு வந்துகொண்டிருந்தார். அரிசி ஆலையும் பட்டு நெசவும் உள்ள அந்தச் சந்தை நகரின் வணிகங்களைப் பத்தாண்டுக்கு ஒருமுறை போல மறுபடி மறுபடி ஆராய்ந்தார். பேட்டி கொடுத்தவரின் கடை, அடுத்த முறை மகனின் கடை, அதற்கடுத்து இல்லாமற்போன கடை என்று ஒரு ஊரின் தொழில் எப்படிக் கைமாறுகிறது என்று தெரிந்தது. அவர் கண்டவற்றில் ஒன்று: கடைகள் பெரிதாவதைவிட எண்ணிக்கையில் பெருகுவதே அதிகம். இன்னொன்று, அந்தச் சிறு கடைகளைத் தாங்குவது பெரும்பாலும் குடும்பத்து உழைப்பு. பழைய தென்னாற்காட்டிலும் இதற்கு முன்னோடி உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்க வைத்தார். அதில் ஒன்று இருவேல்பட்டு. அந்த ஊரை 2008 வரை பல தலைமுறை ஆய்வாளர்கள் மறுபடி போய் எண்ணியிருக்கிறார்கள். பெண்ணாடத்துக்கு அப்படி ஒருவர் வாய்த்ததாகத் தெரியவில்லை.

திரும்பிப் போவதன் பலனை அமெரிக்கர்கள் வேறு விதமாக அறுவடை செய்தார்கள். அங்கே மாதாந்தரத் தொழிலாளர் ஆய்வில் ஒரே வீட்டை அடுத்தடுத்த மாதம் கேட்பார்கள். ராபர்ட் ஃபேர்லி என்ற பொருளாதார அறிஞர் இரு மாதப் பதில்களையும் ஆளுக்கு ஆள் பொருத்தி, போன மாதம் சொந்தத் தொழில் இல்லாதவர்களில் இந்த மாதம் யார் தொடங்கியிருக்கிறார்கள் என்று எடுத்தார். ஆயிரம் பேரில் சுமார் மூன்று பேர். இது கடைகளின் இருப்பு அல்ல, வரத்து. இனம், பால், வயது வாரியாகப் பிரிக்கவும் முடிந்தது, ஏனென்றால் பல லட்சம் பதில்கள் கையிலிருந்தன. நம் தொழிலாளர் ஆய்விலும் 2025 ஜனவரி முதல் கிராமம், நகரம் இரண்டிலும் ஒரே வீட்டுக்கு அடுத்தடுத்து நான்கு மாதம் போகிறார்கள். மாவட்டத்தையே மாதிரியின் அடிப்படை அலகாகவும் ஆக்கியிருக்கிறார்கள். வேலை போன பின் கடை போட்டவரையும், வேலையை விட்டுவிட்டுக் கடை போட்டவரையும் இனி தனித்தனியே பார்க்கலாம். கடலூர் மாவட்டத்துக்கு ஒரு நல்ல மதிப்பீடு கிடைக்கும் நாள் தூரத்தில் இல்லை. அதிலிருந்து பெண்ணாடத்துக்கு இறங்கவோ, பேரூராட்சியின் தொழில் வரிப் பதிவேடும், 2014 சட்டப்படி எடுக்க வேண்டிய தெருவோர வியாபாரிகள் பட்டியலும், வணிக மின் இணைப்புகளின் எண்ணிக்கையும் கைகொடுக்கும். ஒவ்வொன்றும் அரைகுறைதான். சேர்த்து வைத்தால் 24 பேரைக் கேட்டதைவிட மேல்.

வாசலில் கேட்கும் கேள்வியையும் மாற்ற வேண்டும். ‘கடை யார் பேரில்’ என்பதற்குப் பதிலாக, சரக்கு என்ன வாங்குவது என்று முடிவெடுப்பது யார், கடன் கொடுப்பது யார், கல்லாப் பணம் இரவில் யார் கைக்குப் போகிறது என்று கேட்டால் அந்த ‘சும்மா’ கொஞ்சம் பிரியும். தமிழக அரசு தரும் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை போய்விடுமோ என்ற பயத்தில் ‘தொழில்’ என்ற சொல்லையே தவிர்க்கும் பெண்ணிடமும் இந்தக் கேள்விகளைக் கேட்கலாம்.

விந்தை என்னவென்றால், பெட்டிக்கடைத் தம்பதிக்குப் பொருந்தும் கட்டம் படிவத்தில் ஏற்கெனவே இருக்கிறது. நிறுவன ஆய்வின் உரிமை வகைகளில் ஆணின் தனியுடைமை, பெண்ணின் தனியுடைமை ஆகியவற்றுக்குப் பிறகு, ‘ஒரே குடும்பத்தாரின் கூட்டு’ என்று ஒரு வகை உண்டு. 2015–16 சுற்றில் கணக்கில் வந்த 633.88 லட்சம் நிறுவனங்களில் 608.41 லட்சம், அதாவது நூற்றுக்கு 96, தனியுடைமையாகவே எழுதப்பட்டன. மீதி நான்கில்தான் எல்லாக் கூட்டும், மற்ற வகைகளும்.